பல்கலைக்கழகம் வேலை தேடித் தர வேண்டுமா? டெல்டா மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வணிகவியல் பாடம் நடத்துகிறேன். அதோடு ஒன்பது வருஷமாக பிளேஸ்மென்ட், அதாவது மாணவர்களுக்கு வேலை தேடித் தருகிற பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நான்கு மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள். சேர்க்கை சமயத்தில் பெற்றோர், மூன்றாம் ஆண்டில் மாணவர்கள், ஆசிரியர் கூட்டங்களில் சக ஆசிரியர்கள் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பல்கலைக்கழகங்களுக்கு வேலைவாய்ப்புத் திட்டம் தேவையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

தேவை. கட்டாயம் தேவை.

நம் ஊரில் வேலை என்று பேச்சு எடுத்ததும் வருகிற முதல் கேள்வி, "தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்பதுதான். சென்னையில் மாமா வேலை பார்க்கிற பிள்ளைக்கு இருக்கிறார். அப்பா வங்கியில் இருக்கிற பிள்ளைக்கும் இருக்கிறார். நடவுக்கும் களைக்கும் போகிற வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு யாரைத் தெரியும்? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே பெரிய இடம் அது படிக்கிற கல்லூரி. அந்த இடமும் சான்றிதழைக் கையில் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பி வைத்துவிட்டால், அப்புறம் அதற்கு யார் இருக்கிறார்கள்?

கும்பகோணத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல ராமானுஜன் கதை ஒன்றே போதும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணக்கைத் தவிர மற்றதில் கவனம் போகாததால் உதவித்தொகை நின்றது, பட்டம் வாங்கவில்லை. பிறகு நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை கேட்டு அலைந்தார். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்த்தார். அவர் சென்னைக்குக் கடிதம் கொடுத்தார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரைக்கும் ஒருவர் மாற்றி ஒருவராகக் கை பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது அந்த வேலையில்தான் இருந்தார். அப்பேர்ப்பட்ட மூளைக்கே நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த நாலு பேர் எதேச்சையாக அமைந்தார்கள். எதேச்சையாக அமைந்ததை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்பாடாகச் செய்து கொடுப்பதற்குப் பெயர்தான் வேலைவாய்ப்புத் திட்டம்.

பல்கலைக்கழகம் அறிவை வளர்க்கிற இடம். அதை வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி ஆக்கலாமா?

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் என் சக ஆசிரியர்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையே ஒரு துறையின் அளவுகோலாக வைத்தால், முதலில் பூட்டு விழுவது வரலாற்றுக்கும் தமிழுக்கும் தத்துவத்துக்கும்தான். தஞ்சாவூரில் 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது ஆள் அனுப்புவதற்காக இல்லை. ஓலைச்சுவடியும் கல்வெட்டும் படிக்கத் தெரிந்த நான்கு பேர் ஒரு தலைமுறைக்குக் கிடைத்தாலே நாம் பிழைத்தோம். அந்த நான்கு பேரை மென்பொருள் நிறுவனச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பெரிய பாவம்.

அதனால் நான் ஒரு எல்லைக்கோடு போடச் சொல்கிறேன். வேலைவாய்ப்பு மையம் மாணவனுக்காக இருக்கட்டும். எந்தத் துறை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்ற பேச்சில் அதன் கணக்கைக் கொண்டுவரக் கூடாது.

ஆனால் வரலாறு படித்த பையனுக்கு அது பதில் ஆகாது. அவனுக்கும் வயிறு இருக்கிறது. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், சுற்றுலா என்று அவன் படிப்புக்கு நெருங்கிய வேலைகள் எங்கே இருக்கின்றன, அதற்கு மேற்கொண்டு என்ன படிக்க வேண்டும் என்று தேடிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையே கல்வெட்டியலையும் தொல்லியலையும் சேர்த்துப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மூன்று வருஷம் வரலாறு படித்த மாணவன் அதைக் கேள்விப்படாமலே ஜவுளிக் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஜவுளிக் கடை வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. இன்னொரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவன் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் எனக்கு வருத்தமே இல்லை.

எங்கள் கல்லூரியில்தான் பிளேஸ்மென்ட் செல் இருக்கிறதே?

போர்டு இருக்கும். உள்ளே போய்ப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு மேசை, ஒரு பீரோ, போன வருஷத்து முகாம் பேனர். பொறுப்பில் இருப்பவர் என்னைப் போல வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்கிற ஆசிரியர். மூன்றாம் ஆண்டு ஐந்தாம் செமஸ்டரில் ஒரு நாள் பயிற்சி, ஆறாம் செமஸ்டரில் ஒரு முகாம், போட்டோ, செய்தித்தாளில் இரண்டு வரி. இதை நான் திட்டம் என்று சொல்ல மாட்டேன். நானும் முதல் நான்கு வருஷம் இதைத்தான் செய்தேன்.

திட்டம் என்றால் முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். அந்தப் பிள்ளை எந்த ஊர், வீட்டில் என்ன நிலைமை, எதில் விருப்பம், அரியர் (இன்னும் தேறாத தாள்) இருக்கிறதா என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு மாதமாவது ஒரு ஆலையிலோ, ஆடிட்டர் அலுவலகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ உட்கார்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் வருகிற நிறுவனம் கடைசிப் படிதான். இதற்கு வகுப்பெடுக்காத முழுநேர அலுவலர் ஒருவர் வேண்டும். நான் கேட்பதிலேயே பெரிய செலவு இந்த ஒரு சம்பளம்தான்.

இதை ஒவ்வொரு கல்லூரியும் தானே செய்துகொள்ளலாமே, பல்கலைக்கழகம் எதற்கு?

டெல்டாவின் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவும் திருச்சியில் இருக்கிற பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு பி.எஸ்சி. இயற்பியலில் முப்பது பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த முப்பது பேருக்காக ஒரு நிறுவனம் பெங்களூரிலிருந்து வராது. "திருச்சி வரைக்கும் வர்றோம் சார், பசங்களை அங்க அனுப்பிடுங்க" என்பார்கள்.

அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். வேதாரண்யத்திலிருந்து திருச்சி 150 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, திருத்துறைப்பூண்டியிலோ தஞ்சாவூரிலோ மாறி, பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான், வெளியூர் பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற 1,000 ரூபாயில் ஒரு பங்கு இப்படிப் போய்விடும். ஒரு நவம்பர் காலையில் தஞ்சாவூர் புதிய பஸ் நிலையத்தில் எங்கள் மாணவிகள் நால்வர் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு நின்றார்கள். சான்றிதழ் ஃபைலை உரச் சாக்கின் உள்பையில் சுற்றி வைத்திருந்தார்கள். ஃபைல் நனையவில்லை. அவர்கள் நனைந்திருந்தார்கள். அப்படியே போய் ஏசி அறையில் உட்கார்ந்து நேர்காணல் கொடுத்தார்கள்.

பல்கலைக்கழகம் செய்தால் இதை மாற்றலாம். பத்துக் கல்லூரி இயற்பியல் மாணவர்களை ஒரே பட்டியலில் போட்டால் முந்நூறு பேர் ஆகும், நிறுவனம் மன்னார்குடிக்கே வரும். வராவிட்டால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கல்லூரியில் நல்ல இணைய வசதியோடு ஒரு நேர்காணல் அறை அமைக்கலாம். இரண்டுமே முடியாதபோது பஸ் கட்டணத்தையாவது பல்கலைக்கழகம் கொடுக்கலாம். தனிக் கல்லூரி ஒன்று நிறுவனத்திடம் பேசும்போது கெஞ்ச வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகம் பேசினால் நிபந்தனை போடலாம்.

முகாமை எந்த மாதத்தில் வைப்பது நல்லது?

ஆகஸ்ட், செப்டம்பர். அக்டோபர் கடைசிக்கு மேல் அடைமழை; எந்த நாளில் கலெக்டர் விடுமுறை விடுவார் என்று சொல்ல முடியாது. நவம்பரில் செமஸ்டர் தேர்வும் வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை, பல வீடுகளில் பிள்ளைகள் களத்தில் நிற்பார்கள். நிறுவனங்களின் நாட்காட்டியில் இதெல்லாம் இருக்காது. நாம்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

என் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது. அப்போ இதெல்லாம் வீண்தானே?

இல்லை, அம்மா. இதைத் தயவுசெய்து பிள்ளை காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து பி.காம். படிக்க ஒரு பெண் வந்தாள். மாதிரி நேர்காணலில் "உன்னைப் பற்றிச் சொல்" என்று இங்கிலீஷில் கேட்டேன். எங்கிருந்தோ மனப்பாடம் செய்த ஆறு வரியை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். கிரிக்கெட் பார்ப்பது பொழுதுபோக்கு என்று வந்தது. ஒரு வீரர் பெயர் கேட்டேன், தெரியவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள்.

பேப்பரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுத் தமிழில் பேசினேன். லீவு நாளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அம்மாகூட நடவுக்குப் போவேன் சார்." நடவா, நாற்றுப் பறிக்கவா என்றேன். "ரெண்டும் போவேன். ஆனா கணக்கு நான்தான் எழுதுவேன்." என்ன கணக்கு? இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து குத்தகைக்கு நடவு எடுக்கிறார்கள். யார் எத்தனை நாள் வந்தார், யார் பாதி நாளில் போனார், யார் முன்பணம் வாங்கினார், டீக்கும் வண்டிக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும், கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து அவள்தான் நோட்டில் எழுதி வருகிறாள். ஒரு முறைகூடச் சண்டை வந்ததில்லை என்றாள். மறுநாள் அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நாற்பது பக்க நோட்டு, மண் கறை, ஓரத்தில் வெற்றிலைச் சாறு. உள்ளே இருந்தது சுத்தமான சம்பளப் பட்டியல். நான் இரண்டாம் ஆண்டில் பாடமாக நடத்துவதை அவள் நான்கு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள், என்னிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

அதைத்தான் நேர்காணலில் சொல்லச் சொன்னேன். முதலில் தமிழில் பத்து முறை. பிறகு அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில், சின்னச் சின்ன வாக்கியமாக. இன்றைக்கு அவள் தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று நிறுவனங்களின் சம்பளக் கணக்கைப் பார்க்கிறாள்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், முதலாண்டிலிருந்தே தினம் அரை மணி நேரம் பேசிப் பழக வேண்டும். ஆனால் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தால்தான் மொழி வரும். நம் பிள்ளைகளிடம் விஷயம் நிறைய இருக்கிறது. அது விஷயம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் பேக்கேஜ்" என்றால் மாதம் 20,000 கையில் வருமா?

வராது. இதை நான் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது வழக்கம், இங்கேயும் போடுகிறேன்.

நிறுவனம் சொல்கிற சிடிசி என்பது உங்களுக்காக அவர்கள் செய்கிற மொத்தச் செலவு. மாதம் 20,000 என்றால், அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டுகிற பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,200 ரூபாய். கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், 481 ரூபாய். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு, நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 577 ரூபாய். இவை மூன்றும் அந்த 20,000-க்குள்தான் இருக்கின்றன. மீதி சுமார் 17,740. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 133. கையில் வருவது சுமார் 16,400.

சென்னையில் பெண்கள் விடுதிக்குச் சாப்பாட்டோடு மாதம் 7,500 கொடுத்தால் மீதி 8,900. பஸ், போன், சோப்பு, ஊருக்கு இரண்டு முறை வந்துபோவது எல்லாம் போக வீட்டுக்கு 4,000 அனுப்ப முடிந்தால் பெரிது. தஞ்சாவூரிலேயே 13,000-க்குக் கிடைத்து வீட்டிலிருந்து போய்வந்தால் மிச்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் சென்னையில் இரண்டு வருஷம் கற்றுக்கொண்டால் அடுத்த சம்பளம் ஏறும் வாய்ப்பும் உண்டு. எது நல்லது என்பது வீட்டுக்கு வீடு மாறும். கணக்குத் தெரிந்து முடிவெடுங்கள் என்பதுதான் நான் சொல்வது. பி.எஃப். பணம் உங்கள் பணம்தான், வேலையை விட்டாலும் அந்தக் கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைத் தொலைக்காதீர்கள்.

"95 சதவீத பிளேஸ்மென்ட்" என்று விளம்பரம் போடுகிறார்களே, நம்பலாமா?

நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை பேரில் 95 சதவீதம்? மொத்தம் படித்தவர்களிலா, பதிவு செய்தவர்களிலா, அரியர் இல்லாதவர்களில் மட்டுமா? ஒரே மாணவன் மூன்று ஆஃபர் லெட்டர் வாங்கினால் ஒன்றாக எண்ணினீர்களா, மூன்றாகவா? வேலையில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? ஆறு மாதம் கழித்து இன்னும் அங்கே இருப்பவர்கள் எத்தனை பேர்? சம்பளத்திலும் அப்படித்தான். மிக அதிகமான சம்பளத்தைப் பேனரில் போடுவார்கள். வரிசையாக எழுதினால் நடுவில் வருகிற மாணவனுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

தரவரிசைக்கும், கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கிற நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கும் வேலைவாய்ப்பு எண்ணிக்கை கேட்கிறார்கள். அதனால் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட ஒவ்வொரு நிர்வாகத்துக்கும் ஆசை வரும். இந்தத் திட்டத்தின் பெரிய ஆபத்தே இதுதான் என்று நான் நினைக்கிறேன். எனக்கே நடந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நிறுவனம் வந்து ஒரே நாளில் முப்பத்தொரு பேரை எடுத்தது. கணக்கு எழுதும் வேலை என்றார்கள். மாலை போட்டு அனுப்பினோம். போன பிறகுதான் தெரிந்தது, வீடு வீடாகப் போய்க் கடன் தவணை வசூலிக்கும் வேலை. இரண்டு மாதத்தில் நான்கு பேரைத் தவிர எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு பையனின் அப்பா என் மேசைக்கு முன்னால் நின்று, "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் அனுப்பினேன்" என்றார். கோபப்படக்கூட இல்லை. எங்கள் ஆண்டறிக்கையில் அந்த முப்பத்தொரு பேரும் வேலை பெற்றவர்கள் கணக்கில் இருந்தார்கள். அந்த எண்ணை நான் எழுதித் தந்தேன். அதை எழுதியிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு எந்த நிறுவனம் வந்தாலும் என்ன வேலை, எந்த ஊர், எத்தனை மணி நேரம், மாதம் கையில் எவ்வளவு என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற இரண்டு பேரிடம் போனில் பேசுகிறேன். எழுதித் தர மறுத்த நிறுவனங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தாளைப் பல்கலைக்கழகமே விதியாக்கினால் எந்தக் கல்லூரியிலும் இப்படி நடக்காது.

பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. நூலகத்தைப் போல இதுவும் படிப்பின் ஒரு பகுதி. வேலை தருவதாகச் சொல்லி நிறுவனமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் முதல்வன் திட்டம் இருக்கும்போது பல்கலைக்கழகம் தனியாகச் செய்ய வேண்டுமா?

2022 மார்ச் 1-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் நல்ல ஏற்பாடு. கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே திறன் பயிற்சியைக் கொண்டுவந்தது. ஆனால் பயிற்சி வேறு, கைபிடித்துக் கொண்டுபோய் விடுவது வேறு. இணையத்தில் படிப்பை முடித்து சான்றிதழ் வாங்கிய பிள்ளை அடுத்து எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைக் கல்லூரியில் இருக்கிற ஒரு மனிதர்தான் சொல்ல முடியும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயம் இயல்புதான். அதை அடக்காமல் கேள்வியாகக் கேளுங்கள். இரவு ஷிஃப்ட் உண்டா? வண்டி விடுவார்களா? தங்குமிடம் யாருடையது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவின் தலைவர் பெயரைக் கேளுங்கள். தாம்பரம், திருச்சி போன்ற ஊர்களில் வேலை பார்க்கிற பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. முதல் முறை போகும்போது தனியாக அனுப்பாமல், அதே நிறுவனத்தில் இருக்கிற நம் பழைய மாணவியோடு பேச வைத்து அனுப்பலாம். பழைய மாணவர் பட்டியல் ஒன்றை ஒழுங்காக வைத்திருந்தால் பெற்றோரின் பாதிப் பயம் அந்த ஒரு போன் பேச்சில் தீர்ந்துவிடுகிறது.

எல்லாரையும் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டால் டெல்டாவில் யார் இருப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அம்மாப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர். ஒன்பது வருஷத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. ஹைட்ரோகார்பன் போன்ற தொழில்கள் புதிதாக வர முடியாது. அதைத்தான் நாம் கேட்டோம், அது சரிதான். அப்படியானால் நம் பிள்ளைகளுக்கான வேலை நெல்லைச் சுற்றியும், கடலைச் சுற்றியும், கைத்தொழிலைச் சுற்றியும், சேவைத் துறையிலும்தான் வளர வேண்டும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டியது யார்?

பாருங்கள், மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை அறுப்பு மழை தொடங்குகிற நேரத்தில் வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காய வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். இந்த ஒரு பிரச்சினைக்குள்ளேயே உலர்த்தும் இயந்திரம், சேமிப்புக் கிடங்கு, தரப் பரிசோதனை, போக்குவரத்துக் கணக்கு என்று எத்தனை வேலை இருக்கிறது! தஞ்சாவூரிலேயே மத்திய அரசின் உணவுப் பதனத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டம் இருக்கிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், திருவாரூரில் 2009-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் டைடல் நியோ என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் திறந்தார்கள். ஆனால் எங்கள் பி.எஸ்சி. வேதியியல் மாணவர்களில் ஒருவர்கூட அந்தப் பதன நிறுவனத்தின் வாசலைப் பார்த்ததில்லை, நான் அழைத்துப் போகும் வரைக்கும். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்.

சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம் எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. சிலை வடிக்கிற ஸ்தபதிக்கு ஏற்றுமதி ஆவணம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய ஆள் வேண்டும். படம் எடுத்து இணையத்தில் விற்க ஆள் வேண்டும். அவரிடம் போய்க் கேட்டால், "நல்ல பிள்ளை இருந்தா அனுப்புங்க சார்" என்கிறார். அவர் பிளேஸ்மென்ட் முகாமுக்கு ஸ்டால் போட வர மாட்டார். நாம்தான் அவர் பட்டறைக்குப் போக வேண்டும். ஒரு நாளில் முப்பது பேரை எடுக்கிற பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்கிற மரியாதையை, ஒரே ஒருவரை எடுத்துப் பத்து வருஷம் வைத்துக்கொள்கிற சின்ன இடத்துக்கும் கொடுக்க வேண்டும்.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் இப்போது கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கும் உதவித்தொகையோடு பயிற்சி இருக்கிறது. உள்ளூர் ஆலைகளை அதில் சேரச் செய்வது ஒரு பல்கலைக்கழகத்தால் முடிகிற காரியம்.

குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். பிளேஸ்மென்ட் எனக்குத் தேவையில்லையே?

நன்றாகப் படியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கிற தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு, அங்கே சேருங்கள். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இத்தனை முறை எழுதிப் பார்ப்பேன், அதற்குள் ஒரு வேலையும் பார்ப்பேன் என்று தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இருபத்தெட்டு வயதில், கையில் எந்த அனுபவமும் இல்லாமல், வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் என்னிடம் வருகிற பழைய மாணவர்களைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை. கல்லூரி வேலைவாய்ப்பு மையம் இவர்களுக்கும் உரியது.

சிங்கப்பூர், வளைகுடா வேலை என்று ஏஜென்ட் வருகிறார். கல்லூரி வழியாகப் போகலாமா?

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, மன்னார்குடி பக்கமெல்லாம் வெளிநாட்டு வேலை புதிதில்லை. ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகவே வேண்டாம். கம்போடியா, மியான்மர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் இணைய மோசடியில் அடைத்து வைத்த கதைகளை எல்லோரும் படித்திருப்பீர்கள். தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978-லிருந்து நடத்துகிறது; அங்கே விசாரியுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும்.

படித்து முடித்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இன்னும் சரியான வேலை இல்லை. கல்லூரிக்கு வர வெட்கமாக இருக்கிறது. வரலாமா?

வாருங்கள். விதிப்படி மையம் இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும்தான் என்று சில இடங்களில் சொல்வார்கள். பல்கலைக்கழகம் முதலில் திருத்த வேண்டிய விதி அதுதான். குறைந்தது ஐந்து வருஷமாவது கதவு திறந்திருக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் நான் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. செவ்வாய், வியாழன் மதியம் இரண்டு மணிக்கு மேல் எனக்கு வகுப்பு இல்லை. மதிப்பெண் பட்டியல் நகலும், இந்த மூன்று வருஷத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று தமிழில் ஒரு பக்கமும் எழுதிக்கொண்டு வாருங்கள். கடையில் நின்றது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் வயலைப் பார்த்துக்கொண்டது, கோயில் திருவிழாவுக்கு வசூல் கணக்கு எழுதியது, எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவோம்.